காரியம் முடிந்த மறுநாள்

(நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில், வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாவுக்குப் பிறகு செய்ய வேண்டியதைப் பற்றிப் பேச்சு என்று அறிவித்தபோது, கூட்டம் வருமா என்று நண்பர் ஒருவர் சந்தேகப்பட்டார். உயிரோடு இருக்கும்போது அதைப் பேசுவது ஆகாது என்று நினைக்கிறவர்கள் நம்மில் நிறைய. ஆனாலும் வந்திருக்கிறீர்கள். பாதிக்கு மேல் பெண்கள். நான் பேசப்போவது முக்கியமாக உங்களிடம்தான்.

தாலுகா அலுவலகத்தில் இருந்த காலம் முழுக்க, வாரிசுச் சான்றிதழ் கேட்டு வரும் குடும்பங்களைப் பார்த்தேன். கணவர் போய் ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு கொழுந்தனார் பின்னால் நிற்பார். கேள்வியை அவரிடம் கேட்டால் பதில் கொழுந்தனாரிடமிருந்து வரும். "உங்க வீட்டுக்காரருக்கு எந்த பேங்க்ல கணக்கும்மா?" என்று திரும்பக் கேட்டால், "தெரியாதுங்க சார்" என்பார். இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவர் அவர். பால் கணக்கு, பள்ளிக்கூட ஃபீஸ், சீட்டுப் பணம் எல்லாம் விரல் நுனியில். வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

ஒரு குடும்பத்தில் இறப்புக்குப் பின் நடக்கும் நஷ்டங்களில் பெரும்பகுதி இந்தத் தெரியாமையால் வருகிறது என்பது என் முடிவு. அந்த நஷ்டம் பெரும்பாலும் மனைவி, மகள், தாய் இவர்கள் தலையில் விழுகிறது. இதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் கையெழுத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு உறவெல்லாம் கூடுகிறது. வெளியூர்க்காரர்கள் அடுத்த நாள் பஸ் ஏற வேண்டும். "எல்லாரும் இருக்கிறப்பவே பேசி முடிச்சிடலாம்" என்று பெரியவர் ஒருவர் ஆரம்பிப்பார். அவர் நல்லவராகவே இருக்கலாம். "உனக்குத்தான் கல்யாணத்துல நகை போட்டாச்சே", "நாளைக்கு அண்ணன் சீர் செய்ய வேணாமா?", "பொறந்த வீட்டு வாசப்படி வேணும்னா விட்டுக்கொடும்மா" என்று ஒவ்வொரு குரலாக வரும். மறுநாள் காலை சார்பதிவாளர் அலுவலகத்தில் தங்கைகள் வரிசையாக நின்று, தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவார்கள். அழுது வீங்கிய கண்களோடு, படித்துப் பார்க்காமல்.

பதிவான விடுதலைப் பத்திரத்தை ரத்து செய்வது எளிதல்ல. ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கினார்கள் என்றால், அதை நிரூபிக்கும் பொறுப்பு கையெழுத்துப் போட்டவருடையது. உண்மை தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அண்ணன் மேல் எந்தத் தங்கை மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போடுவாள்? மனமார விட்டுக்கொடுக்க நினைக்கும் சகோதரிகள் உண்டு; அது அவர்கள் உரிமை, அதை நான் மதிக்கிறேன். ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறோம், அதன் சர்வே எண் என்ன, இன்றைய மதிப்பு என்ன என்று தெரிந்து கொடுக்கட்டும். காரியம் முடிந்த கையோடு பாகம் பிரித்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்துக் கையெழுத்துப் போட்டாலும் அது செல்லும். துக்கத்தில் இருப்பவரிடம் சொத்துப் பத்திரத்தை நீட்டுவது தவறு என்று சொல்லும் துணிவு ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவருக்காவது வேண்டும்.

மகளுக்கு என்ன உரிமை என்பதில் இன்னமும் குழப்பம் இருக்கிறது. "பொண்ணுங்களுக்குப் பங்கு கலைஞர் கொண்டாந்தது, எண்பத்தொன்பதுக்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்குக் கிடையாது" என்று கிராமத்தில் சொல்வார்கள். பாதி உண்மை. தந்தை சுயமாகச் சம்பாதித்த சொத்தில், அவர் உயில் எழுதாமல் இறந்தால், மகனும் மகளும் சமம் என்பது 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. 1989இல் தமிழ்நாடு செய்த திருத்தம் பூர்விகச் சொத்தைப் பற்றியது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனைப் போல மகளும் பிறப்பால் பங்குதாரர் என்றது அது. அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன்பே திருமணமானவர்களை அது விலக்கியது. பின்னர் மத்திய அரசின் திருத்தம் 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தபோது அந்த விலக்கும் போயிற்று. 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று ஒரு கேள்வி பல வருடம் வழக்குகளை இழுத்தடித்தது. வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறைப்படி பதிவான பாகப்பிரிவினைகளைக் கிளற முடியாது.

இன்னொரு தீர்ப்பு நம் மாநிலத்து வழக்கில் வந்தது. அருணாசலக் கவுண்டர் எதிர் பொன்னுசாமி, 2022 ஜனவரி. 1949இல் இறந்துபோன ஒருவருக்கு ஒரே மகள். அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்து அந்த மகளுக்கா, அவர் சகோதரர் வழி ஆண்களுக்கா? 1956 சட்டம் வருவதற்கு முந்தைய இறப்பு அது. அப்போதும் பழைய இந்து தர்மப்படியே தனிச்சொத்து மகளுக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மகளுக்குப் பங்கு என்பது புதிதாக வந்த சலுகை என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

இனி காகிதங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், கட்டணம் கிடையாது. மருத்துவமனையில் இறந்தால் தகவல் தருவது மருத்துவமனையின் பொறுப்பு. வீட்டில் இறந்தால் குடும்பத்தார் சொல்ல வேண்டும்: கிராமத்தில் வி.ஏ.ஓ.விடம், நகரத்தில் நகராட்சி அல்லது மாநகராட்சி சுகாதாரப் பிரிவில். தாமதமானால் கட்டணம், ஓராண்டு தாண்டினால் கோட்டாட்சியர் உத்தரவு வரை அலைய வேண்டியிருக்கும்.

பதிவைவிடப் பெரிய தொல்லை பெயர். தமிழர்களுக்கே உரிய தொல்லை இது. ரேஷன் கார்டில் சு. முருகன். பத்திரத்தில் சுப்பையா மகன் முருகன். ஆதாரில் முருகன் சுப்பையா. வங்கியில் முருகன் எஸ். ஊரில் எல்லோருக்கும் அவர் ராசா. இறப்புச் சான்றிதழில் அவசரத்தில் யாரோ "எஸ். முருகேசன்" என்று சொல்லிவிட, அந்த ஒரு எழுத்துப் பிழைக்காக அந்த வீட்டம்மா ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்குவார். ஆகவே மயானத்திலிருந்து திரும்பியவுடன் யாரோ ஒரு பங்காளியை வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கு அனுப்பாதீர்கள். ஆதார் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டில் படித்த ஒருவர் போகட்டும். பதிவுக்கு முன் பெயர், தந்தை பெயர், முகவரி மூன்றையும் எழுத்தெழுத்தாகப் பார்க்கட்டும். சான்றிதழில் பல நகல் எடுத்து வையுங்கள். அதைவிட மேல், உயிரோடு இருக்கும்போதே ஆதார், வங்கி, பத்திரம் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கும்படி திருத்திக்கொள்வது. பிள்ளைகள் ஆறு மாதம் செய்யும் வேலையை நீங்கள் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம்.

அடுத்தது வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் விசாரணைக்குப் பிறகு வட்டாட்சியர் அலுவலகத்தில் கிடைக்கிறது. இறந்தவருக்கு வாரிசுகள் யார் யார் என்று அது சொல்லும். யாருக்கு எவ்வளவு பங்கு என்று அது சொல்லாது. பங்குத் தகராறு வந்தால் தீர்ப்பது சிவில் நீதிமன்றம். சான்றிதழில் பெயர் விடுபட்டுப்போனால் உரிமை போய்விட்டது என்று பயந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். உரிமை போகாது. ஆனால் அதை வைத்துக்கொண்டு மற்றவர்கள் பணத்தை வாங்கிவிடுவார்கள், பட்டாவை மாற்றிவிடுவார்கள். அதனால் விடுபட்டது தெரிந்ததும் உடனே எழுத்துமூலம் ஆட்சேபணை கொடுங்கள்.

வாரிசு விசாரணையில் ஊர் மறைக்கப் பார்க்கும் விஷயம் ஒன்று உண்டு. அதை இங்கே மறைக்காமல் பேசுகிறேன். இறந்தவருக்கு இன்னொரு குடும்பம் இருக்கும். முதல் மனைவி உயிரோடு, மணவிலக்கு இல்லாமல் இருக்கும்போது செய்த இரண்டாவது திருமணம் இந்துக்களுக்குச் செல்லாது. அந்தப் பெண்மணிக்கு மனைவி என்ற முறையில் பங்கு கிடையாது. ஆனால் அவருக்குப் பிறந்த பிள்ளைகள் சட்டப்படி தந்தையின் பிள்ளைகளே. தந்தையின் சொத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு. கூட்டுக் குடும்பச் சொத்தானால், தந்தைக்கு விழும் பாகத்தில் அவர்களுக்குப் பங்கு என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அந்தப் பிள்ளைகள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. அவர்களைப் பட்டியலிலிருந்து விட்டுவிட்டு வாங்கும் சான்றிதழ் பின்னால் வழக்காகத்தான் முடியும்.

பணத்துக்கு வருகிறேன். ஏ.டி.எம். கார்டும் ரகசிய எண்ணும் மகனிடம் இருக்கும். சாவு செலவுக்கென்று அன்றைக்கே எடுத்துவிடுவார்கள். செய்யாதீர்கள். இறந்தவரின் கணக்கு அந்த நிமிடத்திலிருந்து எல்லா வாரிசுகளுக்கும் பொது. நியாயமாகச் செலவு செய்தாலும் பின்னால் தங்கை கேட்கும்போது கணக்குக் காட்ட வேண்டிவரும். கணவன் மனைவி இருவர் பேரிலும், இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஒருவர் போனால் மற்றவர் எடுக்கலாம் என்ற முறையில் ஒரு கணக்கு இருந்தால் இந்தச் சங்கடமே வராது. செல்போன் எண்ணை உடனே ரத்து செய்துவிடாதீர்கள், ஓ.டி.பி. எல்லாம் அதில்தான் வரும்.

நாமினி விஷயத்தில் நம் நாட்டில் பெரிய தவறான எண்ணம் இருக்கிறது. நாமினி என்றால் பணம் அவருக்கே சொந்தம் என்று. வங்கி டெபாசிட்டில் நாமினி பணத்தை வாங்கிக்கொள்ள அதிகாரம் பெற்றவர் மட்டுமே. வாங்கியதை வாரிசுகளுக்கு, அல்லது உயில் இருந்தால் உயிலில் சொன்னவர்களுக்குக் கொடுக்க வேண்டியவர். உச்ச நீதிமன்றம் 1983இல் ஆயுள் காப்பீட்டுப் பணத்துக்கு இதைச் சொன்னது. 2010இல் வங்கிக் கணக்குக்குச் சொன்னது. 2023 டிசம்பரில் கம்பெனிப் பங்குகளுக்கும் சொன்னது. காப்பீட்டில் மட்டும் 2015இல் சட்டம் திருத்தப்பட்டது: தாய் தந்தை, கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே உரியது. ஆகவே திருமணத்துக்கு முன் எடுத்த பாலிசியில் இன்னமும் அம்மா பெயரோ தம்பி பெயரோ நாமினியாக இருக்கிறதா என்று ஆண்கள் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினி வரை போடலாம் என்று சட்டம் வந்திருக்கிறது. நாமினி இல்லாத கணக்குக்காக மனைவி படும் பாடு எழுதி மாளாது.

கேட்க ஆளில்லாமல் கிடக்கும் பணம் எவ்வளவு தெரியுமா? பத்து வருடம் யாரும் தொடாத டெபாசிட்டை வங்கிகள் ரிசர்வ் வங்கியின் நிதி ஒன்றுக்கு மாற்றிவிட வேண்டும். 2023 பிப்ரவரி வரை பொதுத்துறை வங்கிகள் மட்டும் அப்படி மாற்றியது 35,012 கோடி ரூபாய். அதில் எத்தனையோ பேர் வீட்டுக்குச் சொல்லாமல் போட்டுவைத்த டெபாசிட் இருக்கும். அந்தப் பணம் முழுகிப்போகவில்லை. வாரிசுகள் எப்போது வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். தேடுவதற்கு 'உத்கம்' என்ற இணையதளத்தை ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் தொடங்கியிருக்கிறது. பெயரும் பான் எண்ணும் கொடுத்துத் தேடிப் பாருங்கள்.

ஏழை வீடுகளில் நான் முதலில் பார்க்கச் சொல்வது பாஸ்புக்கை. வருடத்துக்கு ஒருமுறை 436 ரூபாய் பிடித்திருக்கிறதா? அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் ரூபாய். 20 ரூபாய் பிடித்திருக்கிறதா? அது விபத்துக் காப்பீடு. விபத்தில் இறந்தால் 2 லட்சம். கணக்குத் தொடங்கும்போது வங்கியில் ஏதோ தாளில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள்; இறந்தவருக்கே அது தெரிந்திருக்காது. பி.எஃப். பிடித்தம் உள்ள வேலையில் இருக்கும்போது இறந்தால், சேர்ந்த பணத்துக்கு மேல் காப்பீடாக 7 லட்சம் வரை கிடைக்கும். குடும்ப ஓய்வூதியமும் உண்டு. கட்டடத் தொழிலாளர், ஆட்டோ ஓட்டுநர் போன்றவர்கள் நல வாரியத்தில் பதிந்திருந்தால் அங்கேயும் உதவித்தொகை இருக்கிறது. பதிவு அட்டையைத் தேடிப் பாருங்கள்.

கடன்காரர்களும் வருவார்கள். காரிய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "உன் புருஷன் வாங்கினான், நீ எழுதிக்கொடு" என்பார்கள். எழுதிக்கொடுக்காதீர்கள். இறந்தவர் விட்டுப்போன சொத்தின் மதிப்பு அளவுக்குத்தான் வாரிசுகள் கடனுக்குப் பொறுப்பு. அவர் எதுவும் விட்டுப்போகவில்லையென்றால் உங்கள் சம்பளத்திலிருந்தோ உங்கள் தாலியிலிருந்தோ கட்ட வேண்டியதில்லை. நீங்களே ஜாமீன் போட்டிருந்தாலோ, கூட்டாகக் கையெழுத்துப் போட்டிருந்தாலோ கதை வேறு. அப்பா கடனை மகன் அடைப்பது புண்ணியம் என்று பழைய இந்துச் சட்டம் சுமத்திய கடமையைக்கூட 2005 திருத்தம் நீக்கிவிட்டது. நீங்களாக விரும்பி அடைத்தால் அது உங்கள் பெருந்தன்மை. வீட்டுக் கடனுக்கும் மகளிர் குழுக் கடனுக்கும் பல நேரம் காப்பீடு சேர்த்தே எடுத்திருப்பார்கள். முதலில் அதைக் கேளுங்கள்.

உயில் இல்லாவிட்டால் என்ன நடக்கிறது? ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பத்தெட்டு வயது லாரி டிரைவர், விபத்தில் போய்விட்டார். மனைவி, எட்டு வயதில் மகள், ஐந்து வயதில் மகன், கிராமத்தில் அம்மா அப்பா. சொந்தமாக ஒரு வீடு. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அந்த வீடு மனைவி, மகள், மகன், அம்மா நால்வருக்கும் சம பங்கு. அப்பாவுக்குப் பங்கு இல்லை. பலர் நினைப்பதுபோல முழுவதும் மனைவிக்கு வராது. மாமியாரோடு சுமுகமாக இருந்தால் பரவாயில்லை. இல்லாவிட்டால் கால் பங்குக்கு வழக்கு. பிள்ளைகளின் பங்கை விற்கவோ அடமானம் வைக்கவோ வேண்டுமென்றால் நீதிமன்ற அனுமதி வேண்டும். அது குழந்தைகளின் பாதுகாப்புக்கென்று வைத்த நல்ல விதி. ஆனால் மகளின் படிப்புக்கே வீட்டை விற்க வேண்டிய தாய்க்கு அது மாதக்கணக்கான அலைச்சல். கணவர் ஒரு தாளில் எழுதிவைத்திருந்தால் இந்த இரண்டும் வந்திருக்காது. அதே தாளில் அம்மாவுக்கும் ஒரு வழி செய்திருக்கலாம்.

முஸ்லிம்களுக்கு ஷரியத் பங்கீடு தனி. உயில் மூலம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது. கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்: பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. அந்தந்தச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெண்ணின் சொத்து பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இங்கேதான் சட்டம் எனக்கு அநியாயமாகப் படுகிறது. இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால் அவள் சொத்து பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் போகிறது. அவர்கள் யாரும் இல்லையென்றால்? கணவனின் வாரிசுகளுக்கு. அதற்கும் பிறகுதான் பெற்ற தாய் தந்தை. தாய் தந்தை வழியில் வந்த சொத்து என்றால் மட்டும், பிள்ளைகள் இல்லாதபோது தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும். அவள் தானே வேலை பார்த்துச் சம்பாதித்த சொத்து கணவன் வீட்டுக்குத்தான். 2009இல் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு ஒன்று. அந்தப் பெண்ணுக்குத் திருமணமாகி மூன்றே மாதத்தில் கணவர் பாம்பு கடித்து இறந்தார். புகுந்த வீடு அவளைத் துரத்தியது. பிறந்த வீட்டார் படிக்கவைத்தார்கள், வேலைக்குப் போனாள், சேமித்தாள், 1996இல் உயில் எழுதாமல் இறந்தாள். அவள் பணம் யாருக்கு? துரத்திய வீட்டாரின் வாரிசுகளுக்கே என்று முடிந்தது. அனுதாபத்தை வைத்துச் சட்டத்தை மாற்ற முடியாது என்றது நீதிமன்றம். இந்தப் பிரிவைத் திருத்த வேண்டும் என்று சட்ட ஆணையம் 2008இலேயே தன் 207ஆவது அறிக்கையில் சொல்லியிருக்கிறது. இன்னும் திருத்தவில்லை. 2025இல் இதே பிரிவை எதிர்த்த வழக்கில், இந்துப் பெண்கள் எல்லோரும் உயில் எழுதிவையுங்கள் என்று உச்ச நீதிமன்றமே வேண்டுகோள் விடுக்க நேர்ந்தது.

உயில் இல்லாத தொல்லை பெரிய இடத்தையும் விடாது. முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்று காலமானார். உயில் எதுவும் வெளிவரவில்லை. கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை, பெற்றோர் இல்லை. அண்ணன் மகளும் மகனும் சட்டப்படி வாரிசுகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது 2020 மே மாதம். அவருடைய போயஸ் தோட்டத்து வீட்டை நினைவில்லமாக்க அரசு எடுத்துக்கொண்டதை உயர் நீதிமன்றம் 2021 நவம்பரில் ரத்து செய்தது. சாவி வாரிசுகள் கைக்கு வந்தது 2021 டிசம்பரில், ஐந்து வருடம் கழித்து. அந்த வீடு யாருக்குப் போக வேண்டும் என்று அவர் நினைத்தார் என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

உயில் எழுத முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத்தாள் போதும். தமிழில் எழுதலாம், சொந்தக் கையால் எழுதலாம். எழுதியவர் கையெழுத்து அல்லது கைரேகை, அவர் போடுவதைப் பார்த்த இரண்டு சாட்சிகளின் கையெழுத்து, தேதி. பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் நான் செய்யச் சொல்வேன், ஏனென்றால் காணாமல் போகாது, சந்தேகமும் குறையும். பதிவு செய்யாமலே, மூடி முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. சாட்சிகள் உங்களைவிட வயதில் இளையவர்களாக, கூப்பிட்டால் கோர்ட்டுக்கு வரக்கூடியவர்களாக இருக்கட்டும். பின்னால் தகராறு வந்தால் அவர்களில் ஒருவராவது கூண்டேறிச் சொல்ல வேண்டும். சொத்துப் பெறப்போகிறவர் சாட்சியாக வேண்டாம். எழுதும்போது பக்கத்திலும் இருக்க வேண்டாம். 1958இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது: உயிலால் பெரும் பயன் அடைகிறவரே முன்னின்று அதை எழுதவைத்திருந்தால் சந்தேகம் எழும், அதைத் தீர்ப்பது அவர் பொறுப்பு. வயது முதிர்ந்தவர்கள் அன்றைய தேதியில் மருத்துவரின் சான்று ஒன்றை இணைத்துக்கொள்ளலாம். ஒரு பிள்ளைக்குக் குறைவாகக் கொடுக்கிறீர்கள் என்றால் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். "இதில் சொல்லாத சொத்தும் இனிமேல் நான் வாங்கும் சொத்தும் இன்னாருக்கு" என்று ஒரு வாசகம் கட்டாயம் வேண்டும். அது விடுபட்ட உயில்கள் பல வழக்குகளுக்குக் காரணம். அம்மாவின் நகைகளைப் பற்றித் தனியாக எழுதுங்கள். ஆளுக்கு எது என்று வளையல், ஆரம், தோடு என்று பெயர் சொல்லி எழுதுங்கள். நிலத்துக்குச் சண்டையிடாத சகோதரிகள் அம்மாவின் அட்டிகைக்காகப் பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள்.

உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். உயிரோடு இருக்கும்போதே சொத்தைக் கொடுத்துவிடும் தானசெட்டில்மென்ட் அப்படியல்ல. அதை எழுதிப் பதிந்த நிமிடமே வீடு உங்களுடையது இல்லை. பட்டா மாற்றும் செலவு மிச்சம், பின்னால் வழக்கு வராது என்று பிள்ளைகள் சொல்வார்கள். எழுதுவதாக இருந்தால், என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும், இந்த வீட்டில் வாழ எனக்கு ஆயுள்வரை உரிமை என்ற இரண்டு நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆவது பிரிவு, பராமரிக்கத் தவறினால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய வழி கொடுக்கிறது; கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். நிபந்தனை எழுத்தில் இருந்தால் அந்த மனு வலுவாக நிற்கும். இருக்கிற ஒரே வீட்டை எழுதிக்கொடுத்துவிட்டுப் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்த தாயை நான் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு வீடு இருப்பவர்கள் உயில் எழுதுங்கள், செட்டில்மென்ட் எழுதாதீர்கள் என்பதே என் கருத்து.

இங்கே எழுத்தாளர்கள் சிலரும் அமர்ந்திருக்கிறார்கள். உங்கள் நூல்களின் உரிமையும் சொத்துதான். நீங்கள் மறைந்தபின் 60 ஆண்டுகள் அது வாரிசுகளுக்கு உரியது. பாரதி 1921இல் மறைந்தார். அவர் எழுத்தின் உரிமை கை மாறி மாறி, 1949இல்தான் சென்னை மாகாண அரசின் கைக்கு வந்தது. அவர் மனைவி செல்லம்மாள் அந்த வருடங்களில் பட்ட கஷ்டம் உங்களுக்குத் தெரியும். உயிலில் நூல்களுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் மனைவியை உட்காரவைத்து ஒரு நோட்டைத் திறங்கள். எந்த வங்கி, எந்தக் கிளை, எந்தப் பாலிசி, மூலப்பத்திரம் எங்கே, நகைக்கடன் சீட்டு எங்கே, யாருக்குக் கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும் என்று இருவரும் சேர்ந்து எழுதுங்கள். கைமாற்று வாங்கியதையும் எழுதுங்கள். மறைத்துவைத்த கடன் திண்ணைக்கு வரும்போதுதான் தெரியவரும் என்பது எந்தப் பெண்ணுக்கும் நேரக் கூடாது. பெண்களே, உங்கள் பெயரில் ஒரு சென்ட் நிலமோ ஒரு பவுன் நகையோ இருந்தாலும் நீங்களும் உயில் எழுதுங்கள். கணவர் உயிரோடு இருக்கும்போது மனைவி எழுதக் கூடாது என்று ஒன்றும் இல்லை. வெள்ளைத்தாளும் இரண்டு சாட்சிகளும் போதும். சாட்சிக்கு ஆள் கிடைக்கவில்லையென்றால் சனிக்கிழமை மாலைகளில் நான் இந்த நூலகத்தில்தான் இருப்பேன், வாருங்கள்.